கன்வெர்ட்டர் வைத்த வண்டி

கரண்டுக்குப் பயந்தவள் நான். இப்போதும் சுவிட்சைத் தொடுவதற்கு முன்னால் கையை முந்தானையில் துடைத்துக்கொள்வேன். தொட்டியத்தில் நான் பிறந்த வீட்டில் விளக்கு என்றால் மண்ணெண்ணெய் விளக்குதான். கல்யாணமாகித் திருச்சிக்கு வந்த பிறகுதான் சுவரைத் தட்டினால் வெளிச்சம் வருகிற வீட்டில் குடியிருந்தேன். வந்த வருஷமே, எங்கள் சந்து முனைக் கம்பத்தில் ஏறிய ஒயர்மேன் ஒருவர் மேலேயே ஒட்டிக்கொண்டதையும் பார்த்தேன். அவர் கத்தவில்லை, கீழே விழவும் இல்லை. கம்பத்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிறவர் மாதிரி இருந்தார். அவருடைய சம்சாரம் ஓடி வந்து கீழே நின்றுகொண்டு, "இறங்கி வாங்க, இறங்கி வாங்க" என்று மெதுவாகத்தான் கூப்பிட்டது. அந்தக் குரல் என் காதை விட்டுப் போகவே இல்லை.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவர் கரண்டையே கட்டிக்கொண்டு அழுகிறவர். மலைக்கோட்டைக்குப் பின்பக்கத்துச் சந்தில் முன்னால் ரேடியோ ரிப்பேர்க் கடை, பின்னால் வீடு. கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்றால் மைக் செட் கட்டப் போவார். ரேடியோவின் வயிற்றைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளே விரலை விடுவார். நான் சமையற்கட்டு நிலையில் நின்றுகொண்டு பார்ப்பேன். கூப்பிடவும் பயம், கூப்பிடாமல் இருக்கவும் பயம்.

கூப்பிடுவது என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். மளிகைக் கடையில் யார் வீடு என்று கேட்டால், "ரேடியோக் கடை வீடு" என்பேன். ஆஸ்பத்திரியில் கேட்டால் பக்கத்தில் நிற்கிற யாரையாவது சொல்லச் சொல்லுவேன். வீட்டில் எப்போதும் "ஏங்க"தான். அவருடைய பெயர் அதிசயமான பெயர் ஒன்றும் இல்லை. ஆனாலும் என் நாக்கு அந்தப் பக்கம் போனதே கிடையாது.

நயா பைசா வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அவரும் அவருடைய சிநேகிதரான மெக்கானிக் பாயும் சேர்ந்து, பட்டாளத்தில் ஓடித் தேய்ந்த ஒரு பழைய பிக்கப் வண்டியை ஏலத்தில் எடுத்தார்கள். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் இரும்புத் தொட்டி மாதிரி திறந்து கிடக்கும். பாய் பாலக்கரையில் பட்டறை வைத்திருந்தார். வாயைத் திறந்தால் கேலிதான்.

"இது வண்டி இல்ல தங்கச்சி, சண்டைக்குப் போயிட்டு உசுரோட வந்த ஆளு. மரியாதையாப் பேசு."

அந்த ஆடியில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் பதினெட்டாம் பெருக்குக் கூட்டத்துக்கு மைக் கட்டுகிற வேலை வந்தது. ஆழத்துக்குப் போகாதே, கயிற்றைத் தாண்டாதே, காணாமல் போன குழந்தை இங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் பாட்டுப் போட வேண்டும். ஆற்றோரத்தில் கரண்டு கிடையாது. கூட்டம் ஒதுங்குகிற பக்கமெல்லாம் மைக்கும் போக வேண்டும் என்று விழாக் கமிட்டிக்காரர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் மெட்ராஸில் பட்டாளத்துச் சாமான் விற்கிற இடத்திலிருந்து, பாட்டரியிலேயே மைக் செட்டை ஓட்டுகிற அந்தக் கன்வெர்ட்டர் வந்தது.

பச்சைப் பெயின்ட் அடித்த, படுக்கப் போட்ட குழவி மாதிரி ஒரு இரும்புருண்டை. இரண்டு பேர் பிடித்துத்தான் வண்டியில் ஏற்றினார்கள். கடை வாசலிலேயே வேலை நடந்தது. வண்டியின் தரையில் துளை போட்டு, பழைய பஸ் டயரை வெட்டி மெத்தை மாதிரி அடியில் கொடுத்து, அதன் மேல் உருண்டையை உட்காரவைத்து போல்ட் முடுக்கினார்கள். பாட்டரியிலிருந்து என் கட்டைவிரல் தண்டிக்கு இரண்டு ஒயர் அதற்குள் போனது. மறுபக்கத்திலிருந்து சாதாரண வீட்டு ஒயர் ஒன்று வெளியே வந்தது. அதை முன்சீட்டுக்குக் கொண்டுபோக நீளம் போதாமல், நடுவில் ஒட்டுப் போட்டுக் கறுப்பு டேப் சுற்றினார்கள். சுற்றிலும் பலகை அடித்து ஒரு பெட்டி. ஆனால் உருண்டைக்குச் சூடு ஏறும், காற்று வேண்டும் என்று அதற்கு மூடி போடவில்லை. சுவிட்சும் அந்தப் பெட்டியிலேயே, வண்டியின் பின்பக்கத்தில்.

நான் காபி கொண்டுபோய் வைத்தபோது பாய் பாட்டரியின் இரண்டு முனையிலும் இரண்டு கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"பாரு தங்கச்சி, ஒண்ணும் ஆவல. பாட்டரி கரண்டு பச்சப்புள்ள. கடிக்காது."

"அப்போ இதுல பயம் இல்லைங்களாண்ணே?" என்று கதவுக்குப் பின்னால் இருந்தே கேட்டேன்.

"பாட்டரியில இல்ல. ஆனா இந்த உருண்டைக்குள்ள போயி அந்தப் பக்கம் வருதே, அது வேற. அது கம்பத்துல வர்ற கரண்டு."

சாதுவாகக் கிடக்கிற ஒன்றைப் பிடித்து, வேலை மெனக்கெட்டு, கம்பத்துக் கரண்டாக மாற்றுகிறார்களே என்று இருந்தது. அவர் சுவிட்சைப் போட்டார். உருண்டை முனகிற்று. பிறகு வண்டுக் கூட்டம் கிளம்பியது போல அந்தச் சத்தம் மேலே மேலே ஏறி ஓர் இடத்தில் நின்றது. ஒயர் நுனியில் கட்டியிருந்த குண்டு பல்பு பட்டப்பகலில் பளிச்சென்று எரிந்தது. சந்தே கை தட்டியது. நான் உள்ளே போய்ச் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். "பெருக்கன்னிக்கு நானும் வண்டியிலதான் இருப்பேன்."

"நீ எதுக்கு? அம்மாவோட சாமி கும்பிட்டுட்டு பஸ்ஸுல வந்துடு."

"கும்பிட்டுட்டு வண்டிக்கு வந்துடறேன்."

"நாலு பேரு பார்த்தா தலையக் குனிஞ்சுக்கிற ஆளு. அவ்ளோ கூட்டத்துல வண்டியில உக்காந்திருப்பியா?"

"இருப்பேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். வீட்டில் உட்கார்ந்துகொண்டு, யாராவது ஓடி வந்து சேதி சொல்லுவார்களோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. அவ்வளவுதான் காரணம்.

பெருக்கு அன்று காவேரி படியெல்லாம் மூழ்கும்படி சிவப்பாக வந்துகொண்டிருந்தது. விடிவதற்கு முன்பே மாமியாரும் நானும் குளித்து, காதோலை கருகமணி, பழம், சித்ரான்னம் வைத்துக் கும்பிட்டோம். மாமியார் என் கழுத்தில் பழைய சரட்டைக் கழற்றிப் புதுச் சரடு மாற்றினார்.

"அவன் நல்லா இருக்கணும்னு நெனச்சுக்கிட்டே கட்டிக்க. வேற எதையும் நெனக்காதே."

வேறு எதை நினைக்கப் போகிறேன்? அந்த உருண்டையைத்தான் நினைத்தேன்.

மாமியார் தெரிந்தவர்களோடு மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் வண்டிக்குப் போனேன். படித்துறைக்குப் பக்கத்து மணலில், பின்பக்கம் ஆற்றைப் பார்க்க வண்டியை நிறுத்தியிருந்தார்கள். முன்சீட்டில் பலகை போட்டு ஆம்ப்ளிஃபயர், பக்கத்தில் ரிக்கார்டு பெட்டி, மைக். மைக்கில் உர்ரென்று ஓர் இரைச்சல் வந்துகொண்டே இருந்ததால், ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு ஒயர் இழுத்து இரும்புக் கம்பியில் கட்டி, கம்பியை ஈர மணலில் அடித்திருந்தார்கள். அதற்கு எர்த் என்று பெயர். இரைச்சல் அடங்கியிருந்தது.

பாய் என்னை ஏற்றிவிட்டுச் சொன்னார். "சீட்டு ரெக்சின், கீழ பலகை, வண்டி நிக்கிறது நாலு ரப்பர் மேல. உள்ள இருக்கிற உனக்கு ஒரு பயமும் இல்ல. ஒண்ணு மட்டும். மைக்க ஒரு கையில பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால கதவு இரும்பப் பிடிக்காதே. ரெண்டுல ஒண்ணுதான். புரிஞ்சுதா?"

"நான் மைக்கத் தொடவே மாட்டேண்ணே."

"அது சரி. உன் குரலு கதவத் தாண்டி வந்ததே இன்னிக்கித்தான்."

வெயில் ஏறியது. கூட்டம் தோளோடு தோள் இடித்தது. மைக்கில் பேசிப் பேசி அவருக்குத் தொண்டை கட்டிப் போயிற்று. ஆற்றில் கட்டியிருந்த தடுப்புக் கயிறு ஓர் ஓரத்தில் தளர்ந்துவிட்டது என்று கமிட்டிக்காரர் வந்து கூப்பிட, ரிக்கார்டைப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிப் போனார். பாய் டீ குடிக்கப் போயிருந்தார். வண்டியில் நான் மட்டும்.

அப்போதுதான் குளித்துக் கரையேறிய பெண்கள் வந்தார்கள். ஆற்றங்கரையில் ஈரப் புடவையைக் காயப்போட இடம் தேடி அலைவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் காற்றில் விரிப்பார்கள். அங்கே விரிக்க இடமில்லை. வண்டியின் பின்பக்கம் தோதாக இருந்தது. ஒரு பெண் தொட்டியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தன் மஞ்சள் புடவையைப் போட்டாள். அதைப் பார்த்து இன்னொருத்தி, அப்புறம் இன்னொருத்தி. எல்லாம் பிழியாத புடவைகள், சொட்டச் சொட்ட. மூடியில்லாத பெட்டிக்கு நேர் மேலே.

சீட்டுக்குப் பின்னால் இருந்த சிறு ஜன்னல் வழியாகச் சொன்னேன். "அக்கா, அதுல போடாதீங்க. மிஷின் இருக்கு."

"என்னது?"

"மிஷினு. கரண்டு."

"ஏண்டியம்மா, ஒரு புடவை காஞ்சா உன் புருஷன் வண்டி தேஞ்சா போயிடும்? காஞ்சதும் எடுத்துக்கறோம், கவலப்படாதே."

அவர்கள் சிரித்தார்கள். அதற்கு மேல் என் குரல் எழும்பவில்லை. புடவைகளுக்கு அடியில் உருண்டையின் ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதில் ஒரு பிசிறு தட்டியது. சூடான கல்லில் தண்ணீர் தெளித்தால் வருமே, அந்த மாதிரிச் சின்னச் சின்னச் சத்தம். ஒட்டுப் போட்ட இடம் என் நினைவுக்கு வந்தது. கறுப்பு டேப்.

மஞ்சள் புடவைக்காரி வந்து வண்டி விளிம்பில் கை வைத்தாள். சடக்கென்று கையை உதறினாள்.

"அம்மாடி! சுள்ளுங்குது!"

"வெயிலு. இரும்பு சுடாம என்ன பண்ணும்?"

"சூடு இல்லடி. தேளு கொட்டின மாதிரி, தோள் வரைக்கும் இழுத்துச்சு."

"ஆடி மாசம்ல, வண்டிக்கே ஆத்தா வந்துட்டா போல" என்று ஒருத்தி சொல்ல, அத்தனை பேரும் சிரித்தார்கள். ஆனால் யாரும் கிட்டே வரவில்லை. கொஞ்சம் விலகி நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தவளையே பார்த்தார்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது. அஞ்சாம் வகுப்புப் படிப்பில் இதெல்லாம் கிடையாது. பாய் சொன்னதும், சமையற்கட்டு நிலையில் நின்று நான் பார்த்ததும்தான். கம்பத்துக் கரண்டு இப்போது வண்டி முழுக்க நின்றுகொண்டிருக்கிறது. ரப்பர் மேல் நிற்பதால் எங்கேயும் போக வழியில்லாமல் நிற்கிறது. மண்ணில் நிற்கிற ஒருவர் தொட்டால் அவர் வழியாக இறங்கும். உள்ளே இருக்கும் வரை எனக்கு ஒன்றும் இல்லை. கதவைப் பிடித்துக் காலைக் கீழே வைத்தால் என் வழியாக இறங்கும். சுவிட்சோ பின்பக்கத்தில், ஈரப் புடவைகளுக்கு அடியில்.

ஆற்றைப் பார்த்தேன். அவர் கரையேறி வந்துகொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, மார்பு வரை நனைந்து, வெறுங்காலோடு.

அவர் வண்டியில் ஏறுகிற விதம் எனக்குத் தெரியும். படிக்கட்டெல்லாம் தேட மாட்டார். பின் கதவுக்கு மேலே இருக்கிற இரும்புக் குழாயை வலது கையால் இறுகப் பிடித்து ஒரே எம்பு. இறுகப் பிடிக்கிற கை விடாது. ஒயர்மேனின் கை விடவில்லை.

"ஏங்க!" என்று கத்தினேன். பாட்டுச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. ரிக்கார்டின் முள்ளைத் தூக்கினேன். பாட்டு நின்றது, கூட்டத்தின் இரைச்சல் நிற்கவில்லை. எங்கேயோ மேளம் வேறு. "ஏங்க! ஏங்க!" அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்.

மைக்கைப் பார்த்தேன். அது பாம்பு மாதிரி பலகை மேல் கிடந்தது. இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டேன். தவறிக்கூடக் கதவைத் தொட்டுவிடக் கூடாது. வலது கையால் மைக்கை எடுத்தேன்.

"ஏங்க..."

படித்துறை முழுக்க என் குரல் விழுந்தது. அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தது. முழங்கால் தண்ணீரில் நின்ற ஆம்பிளைகள் எல்லோரும் திரும்பினார்கள். "யாருடா அது, எவன் பொண்டாட்டி கூப்பிடுறா?" என்று யாரோ கேட்க, சிரிப்பு அலையாகப் போனது. அவரும் சிரித்தார். யாரோ ஒரு பெண் காணாமல் போன புருஷனைத் தேடி மைக்குக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தாராம். பிறகு சொன்னார். என் குரலை அவர் அவ்வளவு பெரிதாகக் கேட்டதே இல்லையே, எப்படி அடையாளம் தெரியும்?

வண்டிக்கும் அவருக்கும் நடுவில் புடவைக்காரிகள் மட்டும்தான். அவர்கள் அவருக்கு வழிவிட்டார்கள். வலது கையை உயர்த்தினார்.

கழுத்தில் புதுச் சரடு ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. சொன்னால் ஆயுசு குறையும். சொல்லாவிட்டால் ஆயுசே இல்லை. இவ்வளவு தெளிவாக அப்போது நினைத்தேனா என்று கேட்டால், இல்லை. அவருடைய பெயரைச் சொன்னேன். அப்பன் பெயரின் முதல் எழுத்தோடு, கடைப் பலகையில் எழுதியிருக்கிற மாதிரி, முழுசாக.

கை காற்றில் அப்படியே நின்றது.

"தொடாதீங்க. வண்டியில கரண்டு. யாரும் தொடாதீங்க."

அவர் கையை மெல்ல இறக்கினார். வண்டியைப் பார்த்தார், புடவைகளைப் பார்த்தார், ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "எல்லாரும் தள்ளிப் போங்க!" என்று கத்தினார். பக்கத்தில் கடை போட்டிருந்த பூக்காரியின் மரப் பெஞ்சை இழுத்து வந்து வண்டிக்குப் பின்னால் போட்டார். ஒரு காய்ந்த மூங்கில் கழியால் புடவைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டார். பிறகு பெஞ்சின் மேல் ஏறி, மண்ணையும் வண்டியையும் ஒருசேரத் தொடாமல், தொட்டிக்குள் ஒரே தாவாகத் தாவினார். அந்தத் தாவலில் என் கண் மூடிக்கொண்டது. ரீங்காரம் இறங்கி இறங்கி அடங்குவதைக் கேட்ட பிறகுதான் திறந்தேன்.

மைக்கைப் பிடித்த என் விரல்களை அவர்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.

பாய் டீக்கடையிலிருந்து ஓடி வந்து, ஒட்டுப் போட்ட இடத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் ஒரு கேலியும் பேசவில்லை. மஞ்சள் புடவைக்காரி மணலில் விழுந்த புடவையை எடுத்துக்கொண்டு, "நல்லவேளை, நீ கூப்பிட்டே" என்று என் கையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

மாமியார் மண்டபத்திலிருந்து வந்தார். மகனைத் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தார். அப்புறம் என்னிடம் திரும்பினார்.

"ஊரு ஒலகம் கேக்க எம் புள்ள பேரச் சொல்லிட்டியேடி."

"அத்தை..."

"பெருக்கன்னிக்கு. சரடு மாத்தின ஈரம்கூடக் காயல."

"சொல்லலேன்னா நான் இப்ப இல்லம்மா" என்று அவர் சொன்னார்.

"அது எனக்குத் தெரியாதா? நீ சும்மா இரு." மாமியார் அழுதுகொண்டே என் கையைப் பிடித்து ஆற்றுக்கு இழுத்துக்கொண்டு போனார். மறுபடி முழுகச் சொல்லி, மறுபடி ஒரு சரடு கட்டினார்.

அதற்குப் பிறகு என் பயம் வேறு பக்கம் திரும்பியது. அவர் இருமினால் பயம். ஜுரம் வந்தால் நான் சொன்னதுதான் வேலை செய்கிறது என்று பயம். கடையிலிருந்து வர நேரமானால் அந்தப் பெயர் தானாக என் வாய்க்கு வரும், பல்லைக் கடித்துக்கொள்வேன். ஒரு நாள் ஜுரத்தில் அவர் படுத்திருந்தபோது அழுதுவிட்டேன்.

"எதுக்கு அழறே? வெறும் ஜுரம்."

"அன்னிக்குச் சொன்னேனே."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

அடுத்த ஆடி வருவதற்குள் பாயைக் கூட்டி வந்து கன்வெர்ட்டரைக் கழற்றி மறுபடி பொருத்தினார். பெட்டிக்குச் சாய்வாக ஒரு தகரக் கூரை. ஒட்டில்லாத ஒரே ஒயர். சுவிட்சைப் பின்பக்கத்திலிருந்து எடுத்து முன்னால், நான் உட்காருகிற சீட்டுக்குப் பக்கத்தில், மரக்கட்டை அடித்து அதன் மேல் வைத்தார். கறுப்பாக, உருண்டையாக, வீட்டுச் சுவரில் இருக்குமே, அதே சுவிட்சு.

"இங்க வா. கையத் தொடச்சுக்க. அமுக்கு."

அமுக்கினேன். பின்னால் உருண்டை அடங்கியது.

"இனிமே என்னைக் கூப்பிட வேணாம். இத அமுக்கினாப் போதும்."

அந்தப் பெருக்குக்கும் அதே மணலில், அதே சீட்டில் உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் கயிறு பார்க்கத் தண்ணீரில் இறங்குவார். நனைந்த உடம்போடு வண்டியைப் பார்த்து வருவார். அவர் பூக்காரியின் பெஞ்சைத் தாண்டியதும் நான் அமுக்கிவிடுவேன். குழாய் ஸ்பீக்கரில் பாடிக்கொண்டிருக்கிற பாட்டு இழுத்து இழுத்து, ஆம்பிளைக் குரலாகி, முனகலாகி நிற்கும். கூட்டம் ஓவென்று கத்தும். அவர் ஏறி உட்கார்ந்து உடம்பைத் துடைத்துக்கொண்ட பிறகு போடுவேன். மறுபடி இறங்குவார், மறுபடி வருவார், மறுபடி நிற்கும்.

கமிட்டிக்காரர் கோபமாக வந்தார். "என்னய்யா வண்டி இது? நீ கிட்ட வந்தாலே பாட்டு நின்னு போவுது?"

"அது அப்படித்தாங்க" என்றார் அவர், தலையைத் துவட்டிக்கொண்டே. "என்னைப் பார்த்தா வெக்கப்படுது."

பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கையை மட்டும் எடுக்கவில்லை.